தழும்பேறிய மூச்சு

நோய் நீங்கிவிட்டது என்பதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்பதும் ஒன்றல்ல. சார்ஸ், கோவிட்-19 போன்ற கடுமையான வைரஸ் தொற்றுகளிலிருந்து மீண்டோருள் சிலர், உடலில் கிருமி இல்லையென உறுதியான பின்னரும் மாடிப்படி ஏறுகையில் மூச்சிரைத்து நின்றுவிடுகின்றனர். இதற்கான விடை நுரையீரலின் நுண்ணமைப்பில் உள்ளது.

நுரையீரலில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இடத்தை நிறைக்கும். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன், தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய சுவரைக் கடந்தே குருதித் தந்துகிகளை அடைகிறது. வைரஸ் இச்சுவரின் செல்களைச் சிதைக்கிறது. அதனை எதிர்த்தெழும் அழற்சியால் நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. பின்னர்ச் செப்பனிடும் பணி தொடங்கும். சிதைவு குறைவாயின் புதிய செல்கள் பெருகிச் சுவரை மீண்டும் எழுப்பிவிடும். சிதைவு மிகுந்தாலோ கொலாஜன் இழைகள் அளவின்றிச் சேர்ந்து தழும்பாகின்றன. தோலில் தழும்பு வெறும் அடையாளம். நுரையீரலில் அது தடை. விரிந்து சுருங்க வேண்டிய திசு விறைக்கிறது. ஆக்சிஜன் கடக்கும் சுவர் தடிக்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கையில் இக்குறை பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஆகவேதான் மருத்துவர்கள் நோயாளியை ஆறு நிமிடம் நடக்கச் செய்து, கடந்த தொலைவையும் குருதியின் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொள்கின்றனர்.

இத்தழும்பு எவ்வளவு காலம் நீடிக்கும்? சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 2003ஆம் ஆண்டு, பணியாற்றிய மருத்துவமனையிலேயே சார்ஸ் தொற்றுக்கு ஆளான பணியாளர்கள் 71 பேரை மருத்துவர்கள் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் பாதிப்பு 2003இல் சராசரியாக 9.4 விழுக்காடாக இருந்தது, 2004இல் 3.2 விழுக்காடாகக் குறைந்தது. அதன்பின் பெரிய மாற்றமில்லை. 2018இல் அது 4.6 விழுக்காடு. அதாவது, மீட்சியின் பெரும்பகுதி முதல் ஓராண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. எஞ்சியது எஞ்சியே நின்றது. அழற்சியைத் தணிக்கப் பெருமளவில் தரப்பட்ட ஸ்டீராய்டு மருந்தால் சிலருக்குத் தொடையெலும்பின் தலைப்பகுதி நலிந்ததையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. உயிர்காக்கத் தந்த மருந்துக்கும் ஒரு விலை இருந்தது.

ஸ்கேனில் தெரியும் மங்கல் அனைத்தும் தழும்பன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அழற்சியால் தோன்றிய மங்கல் மாதங்கள் செல்லச்செல்ல மறையக்கூடும். மூச்சுப் பயிற்சியும் சிறிதுசிறிதாகக் கூட்டப்படும் நடையும் எஞ்சிய திறனை நன்கு பயன்படுத்த உதவுகின்றன. மீளா நிலையை எட்டிய மிகச் சிலருக்கே மாற்று நுரையீரல் பொருத்தும் தேவை எழுந்தது. கோவிட் தொற்றால் நுரையீரல் சிதைந்த ஒருவருக்கு அத்தகைய அறுவை மருத்துவம் 2020 ஆகஸ்டில் சென்னையில் நடைபெற்றது.