துணியும் துலாக்கோலும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழவியின் மூன்றாந் திங்களிற் காப்புப் பருவத்தைத் தொடங்கி, இருபத்தொன்றாந் திங்கள்வரை அதன் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் பாராட்டினர். அம்மூன்று திங்கட்கு முற்பட்ட நாட்களை அவர்கள் பாடினாரல்லர். ஆயின் தாயின் நெஞ்சம் பெரிதும் அஞ்சுவது அந்நாட்களிலேயே. ‘பால் போதுமா? உடம்பு தேறுகிறதா?’ என்னும் இரு வினாக்களும் அவளை உறங்கவிடா. அவற்றிற்கு விடை காணும் முறையை நம் மாணவர்க்கும், இன்று தாயராயும் தந்தையராயும் விளங்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு இல்லங்கள்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளை ஒன்றைக் கருதுவோம். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த பெண்ணின் குழவிக்கு இருபது நாள். விளக்கேற்றும் வேளை தொடங்கி அது வீறிட்டு அழுகின்றது. “பாலு பத்துலெ கண்ணு, அதான் அழுவுது” என்கிறாள் அம்மிச்சி. மறுநாளே அப்புச்சி நகருக்குச் சென்று பால்மாவு டப்பா வாங்கி வருகிறார்.

அவினாசிப் பக்கத்தில் மற்றோர் இல்லம். அங்கே பிறந்து ஆறு நாளான குழவி அழுவதேயில்லை; தூளியிலிட்டால் ஐந்து மணி நேரம் அசையாது உறங்குகின்றது. ‘எத்துணைச் சாதுவான பிள்ளை!’ என்று வருவோர் யாவரும் புகழ்கின்றனர்.

இவ்விரண்டனுள் இடருற்ற குழவி எது? அழுகையையும் அமைதியையும் மட்டுங் கொண்டு இதற்கு விடை கூறல் இயலாது. குழவி பசியால் மட்டும் அழுவதன்று. மாலை வேளை அழுகை முதல் வாரங்களில் வளர்ந்து, ஆறாம் வாரமளவில் மிகுந்து, பின்னர்த் தணிவது பல குழவிகட்கு இயல்பு. மற்று, பால் போதாது சோர்ந்த குழவியோ அழுதற்கும் வலியின்றி உறங்கிக்கிடத்தல் கூடும். பஞ்சுப் பொதியைக் கண்ணளவால் மதித்து விலை பேசுவாரைக் கோயமுத்தூரிற் காண்டல் அரிது. குழவியை மட்டும் அவ்வாறு மதிப்பது என்னை? துணி, துலாக்கோல் என்னும் இரு சான்றுகளையே நாம் நாடுதல் வேண்டும்.

துணி கூறும் சான்று

குழவியின் வயிற்றுட் சென்ற பாலை அளந்தறிதல் அரிது. வெளிவருவதையோ எளிதில் எண்ணலாம். முதல் நாள் ஒரு துணியும், இரண்டாம் நாள் இரண்டும், மூன்றாம் நாள் மூன்றுமாக நனைதல் இயல்பு. அந்நாட்களிற் சீம்பால் சிறிதளவே சுரக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் 24 மணி நேரத்தில் 6 துணிகளேனும் நன்கு நனைதல் வேண்டும். சிறுநீரும் வெளிறிய நிறத்ததாதல் வேண்டும். முதல் இரண்டொரு நாட்களிற் செங்கற்பொடி போன்ற கறை துணியிற் காணப்படுதல் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பின்னும் அது காணப்படின், பால் போதிய அளவு செல்லவில்லையோ என ஐயுறல் வேண்டும்.

மலமும் ஒரு சான்றே. முதலிற் கரிய நிறத்ததாய்ப் பிசினென ஒட்டுவது, மூன்று நான்காம் நாட்களிற் பசுமை கலந்து, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாய் இளகிவிடும். முதல் மாதத்தில் நாள்தோறும் மூன்று முறையோ அதற்கு மேலுமோ கழிதல் வழக்கம். ஆறு வாரத்திற்குப் பின் தாய்ப்பாலுண்ணும் குழவிகளுட் சில, சில நாட்கள் மலங்கழியாதிருத்தலும் உண்டு. சிறுநீர் குறையாமலும், நிறை ஏறியும், கழியும்போது மலம் இளகியும் இருப்பின் அது மலச்சிக்கலன்று.

இக்காலத்து டயப்பர் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுதலின் எண்ணிக்கை தவறுதல் எளிது. புதியதொன்றில் மூன்று மேசைக்கரண்டி நீரை ஊற்றித் தூக்கிப் பார்த்தால், நனைந்ததன் கனம் கைக்குப் புலப்படும். ஐயம் நீங்காவிடின் ஓரிரு நாள் பழைய வேட்டித்துணியைக் கட்டி எண்ணுதலே நேர்வழி.

துலாக்கோல் கூறும் சான்று

பிறந்த சில நாட்களிற் குழவியின் நிறை குறைவது இயல்பே. 2,900 கிராம் நிறையுடன் பிறந்த குழவி நான்காம் நாளில் 2,700 கிராம் ஆயிற்று என்று கொள்வோம். குறைவு நூற்றுக்கு ஏழளவே. பத்தை நெருங்கினால் மருத்துவர் பார்த்தல் வேண்டும். இரண்டு வாரத்திற்குள் பிறந்தபோதிருந்த நிறை மீளுதல் வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுதல் பொதுவியல்பு. ஆடையின்றி, ஒரே துலாக்கோலில் நிறுத்தாலன்றிக் கணக்குப் பிழைபடும். நாள்தோறும் நிறுத்து வருந்துதலும் வேண்டா.

ஒரு நாளைய நிறையினும் அது ஏறும் போக்கே முதன்மையானது. 1980-ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. சிறு குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்து, நிறை செவ்வனே ஏறாதவரைத் தெரிந்தெடுத்து உணவளித்தனர்.

ஒப்பிடும் அட்டவணையும் பொருத்தமானதாதல் வேண்டும். 1977-ஆம் ஆண்டு அமெரிக்க அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பாலுண்ட குழந்தைகளின் நிறையைக் கொண்டு அமைந்தது. அதனோடு ஒப்பிட்டபோது, தாய்ப்பாலுண்ட நலமான குழந்தைகளும் மூன்று நான்கு மாதங்கட்குப் பின் தளர்ந்தனபோலத் தோன்றினர். ஆதலின் உலக சுகாதார நிறுவனம் டில்லி உட்பட ஆறு நாட்டு நகரங்களில் தாய்ப்பாலுண்ட குழந்தைகளை ஆராய்ந்து, 2006-இற் புதிய அளவைகளை வெளியிட்டது. தக்க பராமரிப்புப் பெற்றால் எந்நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே வகையில் வளரும் என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று.

டப்பாவின் விளைவு

குழவி உறிஞ்ச உறிஞ்சப் பால் சுரக்கும். மார்பில் தேங்கிய பால் சுரப்பைக் குறைக்கும். மாவுப்பால் உண்டு வயிறு நிறைந்த குழவி மார்பை நாடாது. நாடாமையால் பால் குறையும். குறைந்தமையால் டப்பா மேலும் தேவைப்படும். ‘பால் போதவில்லை’ என்ற சொல் இவ்வாறு தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்கின்றது. பால்மாவு விளம்பரங்களை நம் நாடு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடை செய்ததும், இத்தகைய மயக்கம் பரவாமற் காத்தற்கே. கோடையில் தண்ணீர் கொடுத்தலும் வேண்டா. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டளவு நீரே. ஆறு மாதம்வரை அதுவே போதும்.

எனினும் பால் மெய்யாகவே குறைவதும் உண்டு. அப்போது குழவி மார்பைப் பற்றும் முறையைத் திருத்தி, இரவும் பகலும் அடிக்கடி ஊட்டுதல் வேண்டும். மருத்துவர் தேவையெனக் கூறின் வேறு பால் கொடுத்தலும் குற்றமன்று. ஐந்தாம் நாளுக்குப் பின் 6-க்குக் குறைந்த துணிகளே நனைதல், பாலுக்கு எழுப்பியும் எழாத சோர்வு, வாய் வறட்சி, மஞ்சள் காமாலை மிகுதல், இரண்டு வாரத்திற்குப் பின்னும் நிறை மீளாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். வெளிறி வெளுத்த மலமும் உடனே காட்டற்குரியது.

முடிவுரை

முன்னர்க் கூறிய இல்லங்கட்கு மீள்வோம். பொள்ளாச்சிச் சாளையின் கொடியில் நாள்தோறும் எட்டுத் துணிகள் காய்கின்றன, நிறையும் மீண்டுவிட்டது. அங்கே வேண்டுவது டப்பாவன்று. மாலையில் குழவியைத் தோளிலிட்டு உலாவ ஒருவரும், தாய்க்குச் சிறிது உறக்கமுமே. அவினாசி இல்லத்திலோ இரண்டே துணிகள் நனைந்தன. யாவரும் புகழ்ந்த அக்குழவியே அன்றைக்கே மருத்துவரிடம் செல்லற்குரியது.

கல்வியின் பயன் தேர்வோடு முடிவதன்று. நம் மாணவர் தத்தம் இல்லங்களில், அம்மிச்சியின் அன்பை இகழாது, அவ்வன்புக்கு ஒரு கணக்கைத் துணையாக்குவாராயின், அழும் குழவி தன் பாலை இழவாது. அழாத குழவி தன் உயிரை இழவாது.