அரிசி கார்டு எல்லை தாண்டுமா?

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் பெங்களூரு பீன்யாவுக்கு லேத் பட்டறை வேலைக்குப் போனார்கள். இருவர் வீட்டிலும் ‘அரிசி கார்டு’தான். ஊரில் ஒரே கடை, ஒரே வரிசை, ஒரே அரிசி. பெங்களூரு ரேஷன் கடையிலோ ஒருவர் கைரேகை வைத்ததும் மெஷின் பில் போட்டது. மற்றவருடைய எண்ணை அது ஏற்கவே இல்லை. “ரெண்டும் தமிழ்நாட்டு கார்டுதானே அண்ணே?” என்று கேட்டுப் பார்த்தார். கடைக்காரருக்கும் காரணம் தெரியவில்லை. காரணம் அரிசி கிடைக்காதவரின் சட்டைப் பையிலிருந்த ஸ்மார்ட் கார்டிலேயே அச்சாகியிருந்தது.

அரிசி கிடைத்தவரின் அட்டையில் இருந்தது பி.ஹெச்.ஹெச். என்ற குறியீடு. அதாவது முன்னுரிமைக் குடும்பம். கிடைக்காதவரின் அட்டையில் என்.பி.ஹெச்.ஹெச். என்று இருந்தது. முன்னுரிமை அல்லாத குடும்பம் என்று பொருள். தமிழ்நாட்டுக்குள் இந்த ஓர் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்கத் தேவையும் இல்லை. இங்கே இரண்டு அட்டைக்கும் அரிசி உண்டு. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு 2016 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, சட்டத்தின் வரம்புக்குள் வராதவர்களையும் கைவிடாமல் அனைவருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. அந்த வரம்புக்குள் வருபவர்கள் மாநிலத்தில் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர். மற்றவர்களுக்குக் கொடுப்பது மாநில அரசின் சொந்த ஏற்பாடு. எந்த மாநிலக் கடையிலும் ரேஷன் வாங்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் எல்லை தாண்டுவது மத்தியச் சட்டம் தரும் உரிமை மட்டுமே. பி.ஹெச்.ஹெச். அட்டையும் பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையும் வெளிமாநிலத்தில் செல்லும். மற்றவை ஓசூரோடு நின்றுவிடும். வேலைக்காக வெளியூர் கிளம்பும் தமிழர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரயில் டிக்கெட்டை அல்ல, இந்தக் குறியீட்டை.

திட்டம் 2019 ஆகஸ்டில் சிறிதாகத்தான் தொடங்கியது. ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரு ஜோடி, குஜராத்தும் மகாராஷ்டிரமும் இன்னொரு ஜோடி. 2020 பொது முடக்கத்தில் லட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய பிறகுதான் அதற்கு வேகம் வந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தயங்கி நின்ற மாநிலங்களுக்கு 2021 ஜூன் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு மாதக் கெடு விதித்தது. கடைசியாக 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததும் நாடு முழுவதும் வலைக்குள் வந்தது.

இனி எதிர்த் திசையில் வருபவர்களின் கதை. பீகாரிலிருந்து திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் தைக்கும் ஒருவர், ஊரிலிருக்கும் குடும்பத்தோடு சேர்த்து ஐந்து பேர். தலைக்கு மாதம் 5 கிலோ வீதம் அட்டைக்கு 25 கிலோ. ஒரு மாதம் இருபதாம் தேதி வாக்கில் திருப்பூர் கடைக்குப் போனார். மெஷின் அவர் பெயரைக் காட்டியது, குடும்பத்தைக் காட்டியது, பாக்கி அளவு மட்டும் பூஜ்யம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றே நினைத்துவிட்டார். ஊருக்குப் போன் போட்ட பிறகு விஷயம் தெரிந்தது: மனைவி முதல் வாரத்திலேயே 25 கிலோவையும் வாங்கி வைத்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அட்டை ஒன்று, கணக்கு ஒன்று. ஆனால் அதைப் பிரித்து வாங்கலாம். திருப்பூரில் 10 கிலோ எடுத்தால் சொந்த ஊரான கயாவில் 15 கிலோ மிச்சம் இருக்கும். எந்தக் கடையில் பில் போட்டாலும் மையக் கணினியில் உடனே கழிந்துவிடும். யார் பங்கு எவ்வளவு என்று மெஷின் பார்ப்பதில்லை. முந்தியவருக்கு மொத்தமும் போகும். இப்போது அந்தத் தையல்காரர் மாதம் பிறந்ததும் தன் பங்கை வாங்கிவிட்டு, “எடுத்தாச்சு, மிச்சத்தை நீ வாங்கிக்கோ” என்று வீட்டுக்குச் சொல்லிவிடுகிறார். அந்தியோதயா அட்டைக்குத் தலைக் கணக்கு கிடையாது, குடும்பத்துக்கு 35 கிலோ. அங்கே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது இன்னும் அவசியம்.

அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். ஆனால் குடும்பத்தில் வாங்கப் போகிறவரின் ஆதார் எண் ரேஷன் அட்டையோடு இணைந்திருக்க வேண்டும், அவர் விரலும் மெஷினில் பதிய வேண்டும். சிமென்ட் கலவையிலும் சாயப் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ரேகை தேய்ந்து போயிருக்கும். கருவிழி பார்க்கும் கருவி கடையில் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்வதே வழி. கணவன், மனைவி இருவருமே வெளியூரில் இருந்தால் இருவர் ஆதாரும் இணைந்திருப்பது நல்லது. ஒருவர் விரல் மறுத்தாலும் மற்றவர் விரல் கைகொடுக்கும்.

கைரேகை என்றதும் இன்னொன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும் என்று ஊர்க் கடையில் அவ்வப்போது சொல்வார்கள். பெயர் நீங்கிவிடுமோ என்ற பயத்தில், சம்பளத்தை விட்டுவிட்டு, நிற்க இடமில்லாத ரயிலில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. இருக்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே அந்தப் பதிவைச் செய்துகொள்ளலாம்.

எது கூட வராது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மத்தியச் சட்டம் தருவது தானியம் மட்டும். தமிழ்நாட்டில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு, 25 ரூபாய் பாமாயில், சர்க்கரை, பொங்கல் பரிசு எல்லாம் மாநில வாசலோடு சரி. தானியத்திலும் அந்தந்தக் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான். கோதுமை தின்று வளர்ந்தவர் திருப்பூரில் பெரும்பாலும் அரிசி மூட்டையோடுதான் திரும்புவார். விலையைப் பற்றிக் குழப்பம் வேண்டாம்: 2023 ஜனவரி முதல் இந்தத் தானியம் நாடெங்கும் இலவசம், 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. யாராவது பணம் கேட்டால் பில்லைக் கேளுங்கள்.

நிரந்தரமாகவே இடம் மாறுபவர்கள் என்ன செய்வது? முறைப்படி பழைய அட்டையை ஒப்படைத்து, அதற்கான சான்றைப் பெற்று, புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டும் போகிறார் என்றால் பெயர் நீக்கச் சான்று. இரண்டு மாநிலங்களில் பெயர் வைத்துக்கொள்வது குற்றம், ஆதார் அதைக் காட்டிக் கொடுத்தும் விடும். ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை பேர் என்ற மத்திய ஒதுக்கீடு இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நிற்கிறது. பல இடங்களில் அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டதால், புதிதாக முன்னுரிமை அட்டை வாங்குவது லேசான காரியமில்லை. ஒன்றிரண்டு ஆண்டு வேலைக்காகப் போகிறவர், கையிலிருக்கும் பி.ஹெச்.ஹெச். அட்டையை ஒப்படைப்பது வீண் வேலை. அது அங்கேயும் செல்லுபடியாகும். என்.பி.ஹெச்.ஹெச். அட்டைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குடும்பத்தோடு குடியேறிவிட்டவர்கள் அந்த மாநிலத்தில் தகுதி இருக்கிறதா என்று விசாரிப்பதே சரி.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வீடு மாறியவர்களுக்கு இத்தனை சிக்கல் இல்லை. முகவரியை இணையத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை அருகிலுள்ள கடையிலேயே வாங்கலாம் என்ற வசதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது.

“ஸ்டாக் இல்ல, உங்க கடைக்குப் போங்க” என்ற பதில்தான் எல்லா ஊரிலும் எளிதாக வருவது. சொந்த அட்டைதாரர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சினால் தரலாம் என்று விற்பனையாளர் நினைப்பார். மாதக் கடைசியில் போனால் அது உண்மையாகவும் இருக்கும். முதல் பத்து நாளுக்குள் போவது புத்திசாலித்தனம். அப்போதும் மறுத்தால் 14445 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். தமிழ்நாட்டுக் கடை என்றால் 1967 என்ற எண்ணும் இருக்கிறது.

திருப்பூரிலும் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வெளிமாநிலத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேஷன் கடை திறந்திருக்கும் நேரமும் உங்கள் ஷிப்ட் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது. மாதத்தின் முதல் வாரத்தில் அவர்களுக்கு அரை நாள் அனுமதி கொடுங்கள்.