வாசகர் வட்டத்துக்கு நூல் தேர்வு: நாவலும் உண்மைச் சரிதமும்

கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நாம் மாதிரி பார்க்காமல் எடுப்பதில்லை. அரிசியானால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். மிளகானால் நசுக்கி முகர்ந்து பார்க்கிறோம். ஆனால் பத்துப் பன்னிரண்டு சகோதரர்கள் கூடிப் படிப்பதற்கு ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும், மேலட்டையைப் பார்த்தும் ஆசிரியரின் பெயரைக் கேட்டும் முடிவு செய்துவிடுகிறோம்.

விளைவு என்ன? முதல் மாதம் கூடம் நிறைகிறது. மூன்றாவது மாதம் நாலு பேர் வருகிறார்கள். "நம்மவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை" என்று சொல்லி வட்டத்தைக் கலைத்துவிடுகிறோம். பகல் முழுவதும் கடையில் நின்று, கணக்கை முடித்து, கதவைச் சாத்திய பிறகு ஒரு வியாபாரிக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணியை ஒரு நூல் வீணாக்கிவிட்டால் அடுத்த நூலை அவர் கையில் எடுப்பாரா? ஆகவே, தேர்வு என்பது வட்டத்தின் உயிரைப் பற்றிய விஷயம். அதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது: இரண்டு நேர்மையான மனிதர்கள் இரண்டு விதமாக விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வி அந்நூலில் இருக்க வேண்டும். எல்லோரும் "நல்ல புத்தகம்" என்று தலையசைத்துவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவதற்கு வட்டம் எதற்கு?

காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை எடுத்துக்கொள்வோம். பெரிய நூல், முழுவதையும் ஒரே மாதத்தில் படிக்க வேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டில் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வியாபாரியின் நிறுவனம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தாதா அப்துல்லாவுக்கும் அவருடைய உறவினரான தையப் சேட்டுக்கும் இடையே 40,000 பவுன் வழக்கு. அது கணக்கு வழக்குகள் நிறைந்த வழக்கு. பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்த இளைஞருக்குப் புரோநோட்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. கணக்குப் பதிவைப் புதிதாகக் கற்றுக்கொண்ட பிறகே வழக்கு அவருக்குப் புரிந்தது. முடிவில் மத்தியஸ்தம் நடந்தது. தாதா அப்துல்லா வென்றார். ஆனால் 37,000 பவுனையும் செலவையும் ஒரே தடவையில் கட்டினால் தையப் சேட் திவாலாகிவிடுவார். மிக நீண்ட தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி காந்தி, தம்மை அமர்த்தியவரையே வேண்டி இணங்கச் செய்தார்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வியாபாரி சும்மா இருக்க முடியுமா? "வென்ற பணத்தைத் தவணையில் வாங்குவது பெருந்தன்மை" என்பார் ஒருவர். "அந்தப் பணத்தை நம்பி என்னிடம் கடன் கொடுத்தவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்பார் மற்றொருவர். இருவரும் நியாயமே பேசுகிறார்கள். இப்படிப்பட்ட நூலே வட்டத்துக்கு உகந்த நூல்.

இரண்டாவது: உண்மைச் சரிதமானால், ஆசிரியர் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துப் பார்க்க இடம் இருக்க வேண்டும். 'உண்மை' என்று அட்டையில் போட்டிருப்பதனாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. பேரேட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக, சிட்டையைப் பாராமல் நாம் ஒப்புக்கொள்கிறோமா?

இதற்கு நம் ஊரிலேயே அருமையான நூல் உண்டு. 1796-ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா மலாய் மொழியில் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லா', 1849-ல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அவருடைய முன்னோரில் அரபியரும் உண்டு, தமிழரும் உண்டு. சிறுவயதில் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். காரணம் என்ன தெரியுமா? அக்கால மலாக்காவில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கு எழுதவும் அவர்களோடு பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அங்கே வழக்கமாயிருந்தது. நம் மொழி இந்த மண்ணில் வியாபாரத்தின் மொழியாக இருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்துல்லா மலாக்காவில் ராபிள்ஸிடம் எழுத்தராகப் பணி செய்தவர். அவருடைய பழக்க வழக்கங்களைப் பற்றி எழுதுவது கண்டு எழுதியது. ஆனால் 1819-ல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கியபோது அப்துல்லா அங்கே இல்லை, மலாக்காவில் இருந்தார். அந்நிகழ்ச்சியைப் பற்றிய பகுதி பிறர் சொல்லக் கேட்டு எழுதியது; அதில் பிழைகளும் உண்டு. ஒரே மனிதர், ஒரே நூல். ஆயினும் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே மதிப்பைக் கொடுக்கலாகாது. 'சத்திய சோதனை'யிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதியது அது. தையப் சேட் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்?

மூன்றாவது: நாவலானால், அது நம் குறையையும் காட்டுவதாக இருக்கட்டும். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். "நம் சமூகத்தைக் குறைவாகக் காட்டும் கதையை நாமே கூடிப் படிப்பதா?" என்று கேட்கிறார்கள். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-ல் நூலாக வந்தது. அதற்கு முன் 'முஸ்லிம் முரசு' பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. குமரி மாவட்டக் கடற்கரையில் ஒரு முஸ்லிம் கிராமம். அங்கே வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி வைத்ததே சட்டம். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை ஊர் எதிர்க்கிறது. செல்வம் கரைந்த பின்னும் முதலாளி கௌரவத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

இதை எழுதியவர் நம்மை வெறுப்பவரல்லர். அதே கடற்கரையான தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, மிளகாய் வியாபாரம் செய்து வாழ்ந்தவர். 1997-ல் வேறொரு நாவலுக்காக சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். சரக்கில் பூச்சி விழுந்திருப்பதை வீட்டுக்காரன் சொன்னால் கோபிக்கலாமா? நாம் தயங்கி ஒதுக்கிவிட்டால், நம் பிள்ளைகள் அதை நம்மிடம் கேட்காமல் வெளியே போய்த் தெரிந்துகொள்வார்கள். கூடிப் படித்தால், "இது நம் ஊரிலும் நடந்ததா?" என்று தகப்பனிடம் மகன் கேட்க ஒரு வழி பிறக்கும்.

நான்காவது: ஒரு நாவலையும் ஓர் உண்மைச் சரிதத்தையும் ஜோடியாக எடுங்கள். அகமதுக்கண்ணு முதலாளியின் கதையை ஒரு மாதமும், தாதா அப்துல்லாவின் வழக்கை அடுத்த மாதமும் படித்தால், இரண்டுக்கும் நடுவே ஒரே கேள்வி நிற்பதைக் காணலாம்: பலமுள்ளவன், தன் பிடியில் சிக்கியவனை என்ன செய்கிறான்? நாவல் அம்மனிதனின் உள்ளத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. சரிதமோ, இப்படியும் ஒருவர் நடந்ததுண்டு என்று காட்டுகிறது.

இனி, நடைமுறைக்குச் சில யோசனைகள்.

நூலை முன்மொழிபவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவராக இருக்க வேண்டும்.

சிறியதில் தொடங்குங்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மேடானையும் பினாங்கையும் யுத்த காலத்தையும் கண்முன் நிறுத்தும் சிறந்த நாவல். ஆனால் புதிதாகப் படிப்பவரைத் திணற வைக்கும். அதே ஆசிரியரின் 'கடலுக்கு அப்பால்' (1959) அளவில் சிறியது, நடையில் எளியது. பினாங்கு வட்டிக்கடை வாழ்க்கை அதில் உண்டு. அதை முதலில் எடுங்கள்.

மொழியைத் தடையாக்காதீர்கள். அப்துல்லாவின் நூலை மலாயில் படிக்கலாம், ஏ. எச். ஹில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1955-ல் வெளிவந்தது. பிள்ளைகள் அவற்றைப் படித்துவந்து, பெரியவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும்.

பெண்களையும் சேருங்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய 'காதலா? கடமையா?' 1938-லேயே, உ. வே. சாமிநாதையரின் முன்னுரையுடன் வந்தது. வீட்டுப் பெண்கள் படிக்கும் நூலை வட்டமும் படித்தால், பேச்சு கூடத்தோடு நிற்காமல் வீட்டிலும் தொடரும்.

கூட்டத்தில் மூன்று கேள்விகள் போதும். எந்த இடத்தில் நீங்களானால் வேறு விதமாக நடந்திருப்பீர்கள்? எதை நம்பவில்லை? யாருடைய பக்கம் சொல்லப்படாமல் போயிற்று?

சகோதரர்களே! ஆண்டுக்கு ஆறு ஜோடி வேண்டாம். இரண்டு ஜோடி, நான்கு நூல்கள் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தாம் முழுமையாகப் படித்த ஒரு நூலின் பெயரையும், அந்நூல் தம்மைக் கேட்ட ஒரு கேள்வியையும் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி, மாதிரி பார்த்து, நம் நூல்களைத் தேர்ந்துகொள்வோம்.