ரேடியேட்டர் மூடியும் நீரின் கொதிநிலையும்

வீட்டுக் காரின் ரேடியேட்டர் ஒழுகுகிறது. அப்பா வாசலிலேயே புதியதை மாற்றப் போகிறார். உதவிக்குச் செல்லும் மாணவர்களே, மூடியைத் தொடுமுன் இதைப் படியுங்கள்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100°C-இல் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில், உள்ளே இருக்கும் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வரை உயர விடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். அதனால் 115°C-இலும் நீர் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும்.

அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால்? அழுத்தம் சட்டெனக் குறையும். கொதிநிலை 100°C-க்கு இறங்கும். உள்ளே 5 கிலோகிராம் நீர் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். அது 15°C குறையும்போது வெளிப்படும் வெப்பம்:

5 × 4,200 × 15 = 315,000 ஜூல்

கொதிக்கும் நீரில் ஒரு கிலோகிராமை ஆவியாக்க 2,260,000 ஜூல் தேவை. எனவே, ஏறக்குறைய 0.14 கிலோகிராம் நீர் ஆவியாகும். அந்த நீராவியின் கன அளவு 200 லிட்டருக்கும் மேல்! அது கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் பீறிடும்.

ஆகவே:

1. இயந்திரம் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

2. பழைய கூலன்டை அகன்ற பாத்திரத்தில் பிடியுங்கள். அதில் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. பூனையும் நாயும் நக்கினால் இறக்கக்கூடும். கால்வாயில் ஊற்றாதீர்கள்.

3. புதிய ரேடியேட்டரைப் பொருத்தியதும் கூலன்டை மெதுவாக நிரப்பி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் கூலன்ட் சரியாகச் சுழலாது. இயந்திரம் மீண்டும் அளவுக்கு மீறிச் சூடேறும்.

சிந்திக்க: பிரஷர் குக்கரில் பருப்பு விரைவாக வேகுவது ஏன்?