முழங்கையில் நெருக்குண்ட நரம்பு

பூக்கட்டுதல், தையல், பீடி சுற்றுதல் ஆகியவற்றால் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கையே மூலதனம். அக்கையின் சுண்டுவிரல் மரத்துப்போனால், வாயுப் பிடிப்பென்று எண்ணெய் தடவிக்கொண்டு பலர் மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றனர். கை சூம்பிய பின் மருத்துவரை நாடுவதால் முழுப்பயன் கிட்டுவதில்லை.

கழுத்திலிருந்து விரல்வரை இறங்கும் அல்னார் நரம்பு, முழங்கையின் உட்புறத்தில் துருத்திநிற்கும் எலும்பின் பின்னால் ஒரு குறுகிய வழியே செல்கின்றது. அங்கு அதற்குத் தசையின் காப்பு இல்லை. முழங்கை கதவில் இடித்ததும் மின்சாரம் பாய்ந்தாற்போல் தோன்றுவது இதனாலேயாம். கையை மடக்குந்தோறும் நரம்பு இழுபடுகின்றது. அதன் வழியும் சுருங்குகின்றது. ஆகவே, நெடுநேரம் கையை மடக்கியே வேலை செய்வோரும், மேசைமீது முழங்கையை ஊன்றுவோரும், கைபேசியைக் காதிலேயே வைத்திருப்போரும், மடக்கிய கைமீது தலைவைத்து உறங்குவோரும் இதற்கு ஆளாகின்றனர். இளமையில் முழங்கை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்களுக்குப் பல்லாண்டு கழித்தும் இந்நோய் வரலாம்.

முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரக்கும். இரவில் இது மிகும். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் குறை பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்கும். நாளடைவில் பிடி தளரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடைப்பட்ட சதை வற்றும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அவ்விரு விரல்களுக்கிடையே ஒரு தாளைப் பற்றிக்கொள்க. மற்றொருவர் அதனை இழுக்கட்டும். கட்டைவிரலின் நுனி மடங்கிக்கொண்டால் தசை வலுவிழந்ததாக ஐயுறலாம்.

தொடக்க நிலையில் பழக்கத்தை மாற்றுவதே முதல் மருந்து:

1. அரைமணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்திக் கையை நீட்டுக.
2. முழங்கையை ஊன்றற்க, ஊன்ற நேரின் துணி மெத்தை இடுக.
3. உறங்குமுன் முழங்கையைச் சுற்றித் துண்டொன்றைத் தளர்வாகக் கட்டுக, கை மடங்காதிருக்கும்.
4. அவ்விடத்தை அழுத்தித் தேய்த்தலோ நீவுதலோ கூடாது.

சில வாரங்களில் குணம் காணாவிடினும், பிடி தளர்ந்தாலும், சதை வற்றினாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்க. நரம்பின் ஓட்டத்தைக் கருவியால் அளந்து, வேண்டின் அறுவை சிகிச்சையால் நெருக்கத்தை நீக்குவர்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தொழுநோயும் இதே நரம்பை இதே இடத்தில் தாக்குவதுண்டு. உணர்ச்சியற்ற தேமல் இருப்பினும், முழங்கையின் பின்னால் நரம்பு கயிறுபோல் தடித்திருப்பினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுக. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களுக்குக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கும். அந்நோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவை முறையை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் வளர்த்தார். எனினும், விரல் மடங்குமுன் காத்தலே சிறந்தது.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் ஒரு தாளைக் கொண்டு அனைவரையும் சோதித்துப் பார்க்கலாம். செலவில்லாத இச்சோதனை ஒரு குடும்பத்தின் பிழைப்பையே காக்கக்கூடும்.