உருக்கும் உலோகவியலார் குழுக்களும்

நுழையும்முன்

இரும்பைக் காய்ச்சிப் பதமாக்கும் முறை நெடுங்காலம் குடும்பத்துக்குள் காக்கப்பட்ட மறைபொருளாக இருந்தது. அது பலரும் அறியும் கல்வியாக மாறியதையும், அதன்பொருட்டு உலோகவியலார் தமக்குள் அமைத்துக்கொண்ட தனித்துறைக் குழுக்களையும் பற்றியது இப்பாடம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தால் ஹெப்பகோடி. அதனை அடுத்துப் பொம்மசந்திரத் தொழிற்பேட்டை. இப்பகுதியின் தொழிற்கூடங்களில் எஃகைக் கடைந்து இயந்திர உறுப்புகள் செய்கின்றனர். கடைந்தெடுத்த பற்சக்கரம் உடனே வண்டியில் பூட்டப்படுவதில்லை. முதலில் உலைக்குச் செல்கிறது. தொழிலாளர் அதனை ‘ஹீட் ட்ரீட்மென்ட்’ என்பர். தமிழகத்துச் சிற்றூரில் அரிவாள் அடிக்கும் கொல்லர் ‘தோய்ச்சல்’ என்பார். பெயர் வேறாயினும் அடிப்படை ஒன்றே.

ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை செக்கச் செவேலெனக் காய்ந்த எஃகை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். எனவே அதனை மீண்டும் மிதமாகச் சூடேற்றுவர். அப்போது பளபளப்பான எஃகின் மேல் நிறங்கள் தோன்றும். 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள். 300 பாகையை நெருங்கினால் நீலம். வெட்டும் கருவிக்கு மஞ்சள் பதம், சுருள்வில்லுக்கு நீலப் பதம். வெப்பமானி இல்லாத காலத்தில் கொல்லரின் கண்ணே அளவுகோல். அந்தக் கண்ணைப் பிறருக்குக் கொடுப்பது எளிதன்று. பலர் கொடுக்க விரும்பவும் இல்லை.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்கால உலைகள் வெளிப்பட்டன. வட தமிழகத்து மேல்சிறுவளூரிலும் எஃகு உருக்கிய மூசைகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இரும்பையும் கரிப்பொருளையும் களிமண் மூசையில் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு நம் முன்னோர் உயர்ந்த எஃகைச் செய்தனர். தமிழில் அது உருக்கு, கன்னடத்தில் ‘உக்கு’. ஹெப்பகோடியில் இவ்விரு சொற்களும் ஒரே தெருவில் ஒலிக்கக்கூடியவை! ஐரோப்பியர் வழங்கிய ‘ஊட்ஸ்’ என்னும் பெயர் ‘உக்கு’ என்பதிலிருந்து வந்ததென அறிஞர் பலர் கருதுவர். புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் இவ்வகை எஃகால் ஆனவை. மின்னியல் ஆய்வால் பின்னாளில் புகழடைந்த மைக்கேல் பாரடே, 1819 அளவில் இந்த எஃகை ஆராய்ந்து, அதுபோல் செய்ய முயன்றார். அவரும் ஒரு கொல்லரின் மகனே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான ஆலை எஃகு சந்தையை நிரப்பியபோது நம் உலைகள் அணைந்தன. செய்முறையைச் செய்தவர்களே எழுதிவைத்த நூல் இல்லாததால், இன்று ஆய்வாளர்கள் உடைந்த மூசைகளைக் கொண்டே அதனை ஊகித்து வருகின்றனர்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் வேறு வழியில் சென்றது. அங்கு மோட்டார் வண்டித் தொழில் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பற்சக்கரங்கள் ஒரே பதத்தில் வேண்டும். ஒருவரின் கைப்பக்குவத்தை நம்பி அவற்றைச் செய்ய இயலாது. 1913இல் வில்லியம் பார்க் உட்சைடு என்னும் கொல்லர், எஃகு பதப்படுத்துவோரை ஒன்றுகூட்டி ஒரு மன்றம் தொடங்கினார். அறிந்ததைப் பேசிப் பகிர்வதே அதன் வேலை. 1933இல் அது அமெரிக்க உலோகக் கழகம் என்று பெயர் பெற்றது, இன்று ஏ.எஸ்.எம். இன்டர்நேஷனல். பெங்களூரிலும் அதற்குக் கிளை உண்டு.

கழகம் பெருகியபோது புதிய இடர் தோன்றியது. விமான எஞ்சின் இதழுக்கு வெப்பம் தாங்கும் பூச்சு தெளிப்பவர் பேசுவது, மின்னணுச் சில்லில் பழுது தேடுபவருக்கு விளங்காது. ஆகவே ஒரே கூரையின்கீழ்த் தனித்துறைக் குழுக்கள் அமைந்தன. வெப்பப் பதனிடுவோர், வெப்பத் தெளிப்புப் பூச்சாளர், நுண்ணோக்கியில் உலோகத்தின் உள்ளமைப்பைக் காண்போர், மின்னணுக் கருவிகளின் பழுதை ஆய்வோர், முறிவுக் காரணம் தேடுவோர் எனப் பலவகையினர் குழுக்களாயினர். வடிவ நினைவு உலோகத்துக்கும் தனிக் குழு உண்டு. வளைத்தாலும், உரிய வெப்பத்தில் பழைய வடிவுக்குத் திரும்பும் விந்தை உலோகம் அது. இதயக் குழாயில் அடைப்பை விரிக்கும் சல்லடைக் குழல்கள் சில அதனால் ஆனவை.

இவ்வளவு பிரிந்தவர்கள் ஒரே கழகத்தில் இருப்பானேன்? அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் குறுக்கே 1928இல் கட்டப்பட்ட வெள்ளிப் பாலம் இதற்கு விடை தரும். கயிற்றுக்கு மாற்றாக, துளையுள்ள எஃகுப் பட்டைகளைச் சங்கிலிபோலக் கோத்து அதனைத் தொங்கவிட்டிருந்தனர். 1967 டிசம்பர் 15 மாலை, வண்டிகள் நிறைந்த வேளையில் பாலம் ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். ஆய்வாளர் ஆற்றிலிருந்து துண்டுகளை எடுத்து அடுக்கி, முதலில் முறிந்தது ஒரே ஒரு பட்டை எனக் கண்டனர். அதன் துளையோரத்தில் தொடங்கிய விரிசலின் ஆழம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர்தான். இணைப்பின் உள்ளே ஒளிந்திருந்ததால், பிரித்துப் பார்த்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது.

அப்பட்டைகள் வலிமைக்காகவே வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டவை. நாற்பதாண்டுக் காலம் அரிப்பும் சுமையும் சேர்ந்து விரிசலை வளர்த்தன. இங்கே பதனிடுவோர் அறிவும், அரிப்பை ஆய்வோர் அறிவும், நுண்ணோக்கி பார்ப்போர் அறிவும், பாலப் பொறியாளர் அறிவும் ஒருங்கே தேவைப்பட்டன. எந்தக் குழுவும் தனியே முழு விடையைச் சொல்லியிருக்க முடியாது. அதன்பின் அந்நாடெங்கும் பாலங்களை முறையாகச் சோதிக்கும் விதிகள் வந்தன.

நம் நாட்டில் 1946இல் இந்திய உலோகவியல் கழகம் தோன்றியது. தலைமையகம் கொல்கத்தா, பெங்களூர், சென்னை, கல்பாக்கம் உள்ளிட்ட பல ஊர்களில் கிளைகள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் துறை அதற்கு ஓராண்டு முன்பே, 1945இல், தொடங்கிவிட்டது. அத்துறையின் முதல் இந்தியத் தலைவர் பிரம்ம பிரகாஷ். அணு உலைக்கான உலோகங்களில் உழைத்து, பின்னர் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநரானார்.

கல்பாக்கம் கிளை அவர் பெயரால் பொருள் அறிவியல் வினாடி வினா நடத்தி வருகிறது. அது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கானது. எஃகின் மேல் ஏன் நீலம் படர்கிறது என்பதை நூலில் படித்துச் செல்லலாம். பொம்மசந்திரத்தில் உலையருகே பணிபுரியும் தந்தையோ மாமாவோ இருந்தால், அவரிடம் கேட்டும் செல்லலாம்.

அருஞ்சொற்பொருள்

மூசை – உலோகத்தை உருக்கும் மண்கலம்
தோய்ச்சல் – காய்ந்த இரும்பை நீரில் தோய்த்துப் பதமாக்குதல்
பதம் – ஏற்ற நிலை
முறிவு – உடைதல்

பயிற்சி

1. எஃகைத் தோய்த்த பின் ஏன் மீண்டும் சூடேற்ற வேண்டும்?
2. ‘உருக்கு’, ‘உக்கு’, ‘ஊட்ஸ்’ ஆகிய சொற்களிடையே உள்ள உறவை எழுதுக.
3. வெள்ளிப் பாலத்தின் விரிசல் நாற்பதாண்டுக் காலம் ஏன் புலப்படவில்லை?
4. உம் வீட்டிலோ தெருவிலோ கைத்தொழில் அறிந்த ஒருவரை அணுகி, எழுதிவைக்கப்படாத ஒரு செய்முறையைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அவர் வழங்கும் தொழிற்சொற்களை அப்படியே குறிக்க.