நகலெடுப்பது பகிர்வதாகாது

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசு வந்துவிட்டது. கொழுந்து வாட்டும் இடத்தில் ஈரப்பதத்தை அளக்கவும், மண்சரிவு எச்சரிக்கைக்காக மழையை அளக்கவும் அதே வகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கணினி இருக்கிறது. உணரியைப் படிப்பது, தடுமாறும் எண்ணைச் சமன்செய்வது, நேரத்தோடு பதிவது, குறுஞ்செய்தியாக அனுப்புவது என்று இவற்றின் வேலையில் பெரும்பகுதி ஒன்றுதான். ஒருமுறை எழுதிய மூல நிரலை எல்லாவற்றுக்கும் பொதுவாக்குவது சரியான எண்ணமே. ஆனால் எப்படிப் பகிர்வது என்பதில் தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. ஒரு தொழிலாளிக்கு அன்று முழுப்பேரா (முழுநாட் சம்பளமா) அரைப்பேரா (பாதிச் சம்பளமா) என்பதும், லயத்தில் இருக்கும் குடும்பம் இரவோடு இரவாக வெளியேற வேண்டுமா என்பதும் இக்கருவிகள் காட்டும் எண்ணைப் பொறுத்திருப்பதால், இதை நிரல் எழுதுவோரின் உள்விவகாரம் என்று விட்டுவிட முடியாது.

நம்பிக்கை 1: ஓரிடத்தில் பிழையில்லாமல் ஓடிய நிரல் எங்கும் பிழையில்லாமல் ஓடும்.

உண்மை: நிரல் சரியா தவறா என்பதை அது ஓடும் சூழலையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ரொக்கட் தன் முதல் பயணத்தில் 40 செக்கன் அளவிலேயே சிதறியது. ஏரியான் 4இல் நன்றாக உழைத்த வழிகாட்டு மென்பொருளை அப்படியே இதில் பொருத்தியிருந்தார்கள். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குள் அடக்கும் வரி அதில் இருந்தது. ஏரியான் 4இன் பாதையில் அந்த எண் எல்லை மீறவில்லை. ஏரியான் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்ததால் மீறியது. இதே ஆபத்தை மழைமானியில் வைத்துப் பார்க்கலாம். உள்ளிருக்கும் சிறு வாளி மழைநீர் நிரம்பி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர் என்று கணக்கிடும் மானிகள் பரவலாக உள்ளன. தராசில் ஒரு நாளின் நிறுவைகளை எண்ணப் போதுமாயிருந்த 8 பிட் எண்ணியை இதற்குக் கொண்டுவந்தால், 255 வரை எண்ணிவிட்டு அடுத்த கவிழ்வில் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 51 மில்லிமீற்றர் மழை கொட்டிய பிறகு, பெய்யவே இல்லை என்று கருவி சொல்லும். 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்பவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைப் படிகள். இந்த மானி அவற்றில் முதற்படியைக்கூட எட்டாது. நிரலில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அதன் எல்லை என்ன என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை 2: அப்படியானால் கருவிக்கொரு தனிப் பிரதி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

உண்மை: பிரதிகள் பெருகினால் பிழைகளும் கூடவே பெருகும், திருத்தங்கள் மட்டும் பின்தங்கிவிடும். டிரெக் என்ற நிறுவனத்தின் இணையத் தொடர்பு நிரலில் 19 பாதுகாப்புக் குறைகள் இருப்பதை 2020 ஜூனில் ஜேஎஸ்ஓஎஃப் ஆய்வுக் குழு வெளியிட்டது. அந்த நிரல் பல ஆண்டுகளாகக் கைமாறி, வெவ்வேறு உற்பத்தியாளர்களின் மருத்துவக் கருவிகள், அச்சுப்பொறிகள், ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எனப் பரவியிருந்தது. மூலத்தில் திருத்தம் வந்தாலும் அது எந்தெந்தக் கருவிக்குப் போய்ச்சேர வேண்டும் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. தராசு நிரலை நகலெடுத்து ஈரப்பதமானிக்கும் மழைமானிக்கும் தனித்தனியே மாற்றிக்கொண்டவருக்கும் இதே கதிதான். பொது மூலத்தில் கைவைத்தால் ஓடிக்கொண்டிருக்கும் கருவி கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, ஒவ்வொரு கருவியும் இலக்கமிட்ட ஒரு பதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வதும், சோதனையில் தேறாமல் அடுத்த பதிப்புக்கு மாறாதிருப்பதும்தான். மூலம் ஒன்றாக இருக்கட்டும். எப்போது மாறுவது என்பதைக் கருவிக்கேற்ப முடிவுசெய்யலாம்.

நம்பிக்கை 3: வன்பொருள் வேறானால் பகிர முடியாது, சின்னக் கருவியில் அதற்கு இடமும் போதாது.

உண்மை: ரிச்சர்ட் பாரி 2003 அளவில் உருவாக்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற, சிறு கருவிகளுக்கான இயங்குதளம் இதற்கு நல்ல விடை. அதன் கருப்பகுதி மூன்றே கோப்புகளில் அடங்குகிறது. சிப்புக்குச் சிப்பு மாறுவதெல்லாம் தனிக் கோப்புறையில் இருக்கிறது. எந்தப் பகுதி வேண்டும் என்பதை நிரலைத் தொகுக்கும்போதே தெரிவு செய்வதால் வேண்டாதது நினைவகத்தில் ஏறுவதில்லை. தராசிலும் இப்படிப் பிரிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதன் உணரி அளப்பது விசையை. வட ஐரோப்பாவில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81 அளவில் இருக்க, இலங்கையில் அது 9.78தான். அங்கே அளவுதிருத்தம் செய்த தராசை இங்கே மீண்டும் திருத்தாமல் வைத்தால், 20 கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ 60 கிராம் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு நிறுவையிலும் இந்த இழப்பு தொழிலாளியின் தலையில் விழும். ஆகவே அந்தத் திருத்த எண்ணைப் பொது நிரலுக்குள் புதைக்காமல் வெளியே அமைப்பாக வைத்து, தோட்டத்திலேயே நியம எடைக்கற்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

சின்ன நிறுவனத்துக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். ஒரே பிழையை மூன்று இடத்தில் மூன்று முறை தேடுவதற்குத்தான் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பொதுவாக்கத் தேவையில்லை. பதிவு எழுதும் பகுதியை மட்டும் முதலில் பிரித்து, அது எந்த எல்லைக்குள் சரியாக இயங்கும் என்பதை எழுதி, அந்த எல்லையை மீறும் சோதனையையும் கூடவே வைத்தால் போதும். கருவி வாங்கும் தோட்ட நிர்வாகமும், அந்த எண்ணை நம்பியிருக்கும் தொழிற்சங்கமும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்: இதில் ஓடுவது எந்தப் பதிப்பு, அதன் எல்லைகள் எவை, இந்த மலையில் அதை யார் சரிபார்த்தார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தர முடியாத கருவியின் எண்ணை வைத்துச் சம்பளம் போடக் கூடாது.